தூசி மேல் போட்ட பழி

நெய்வேலியில் யாருக்காவது மூச்சு வாங்கினால், எதிரில் நிற்பவர் யோசிக்காமல் சொல்லும் வார்த்தை ‘டஸ்ட்’. அதற்கு மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. காலையில் துடைத்த ஜன்னல் கம்பியைச் சாயங்காலம் விரலால் தடவிக் காட்டினால் போதும், வியாதி இன்னதென்று முடிவாகிவிடும். நானும் பல வருடம் அப்படித்தான் விரலைக் காட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு இருந்தது டஸ்ட் இல்லை. பிறக்கும்போதே இதயத்துக்குள் இருந்த ஒரு கோளாறு. ரொம்ப அபூர்வமாம். அபூர்வம் என்றால் ஏதோ பரிசு விழுந்த மாதிரி காதில் விழுகிறது. எனக்கு அது வெறும் களைப்பாகத்தான் இருந்தது. இப்போது உடம்பு தேறிவிட்டது, ஆனால் கனமான வேலை இன்னும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். என்னைப் போல இன்னொருத்தி எங்காவது ஜன்னல் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தால் அவளுக்கு உதவட்டும்.

என் பெயர் கோமதி. பிறந்தது சங்கரன்கோவில் பக்கம். என் கணவர் முருகேசனுக்கு மைன்ஸில் கன்வேயர் பிரிவில் ஷிஃப்ட் வேலை. கல்யாணமாகி இங்கே வந்து, ‘தர்மல்’ என்று எல்லோரும் சொல்லும் அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்து பிளாக்கில் ஒரு மாடி குவார்ட்டர்ஸில் குடியேறினோம். ஒரே மகள் பவித்ரா. அவள் வயிற்றில் இருந்தபோதுதான் முதன்முதலில் மூச்சு வாங்கியது. பிள்ளைத்தாய்ச்சிக்கு மூச்சு வாங்காமல் என்ன செய்யும் என்றார்கள். பிள்ளை பிறந்த பிறகும் வாங்கியது. அப்போதுதான் டஸ்ட் வந்து சேர்ந்தது.

அதற்கு அப்புறம் எந்த டாக்டரிடம் போனாலும் அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நாங்களே சொல்லிவிடுவோம். “சார், தர்மலுக்குப் பக்கத்துல குவார்ட்டர்ஸ். டஸ்ட் ஒத்துக்கல.” அவரும் மார்பில் குழாயை வைத்துப் பார்த்து, இழுப்பு மாதிரி சத்தம் கேட்கிறதே என்று உறிஞ்சும் மருந்து எழுதித் தருவார். உறிஞ்சினேன். நீராவி பிடித்தேன். ஜன்னலுக்கெல்லாம் ஈரத்துணி தொங்கவிட்டேன். வெளியே துணி காயப்போட்டால் சாம்பல் படிகிறது என்று வீட்டுக்குள்ளேயே கொடி கட்டினேன். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் ஈரப் புடவைக்கு அடியில் குனிந்து வந்து என்னிடம் நலம் விசாரித்தார்கள்.

கடைசியில் என் கணவர் அலைந்து திரிந்து குவார்ட்டர்ஸை மாற்றிக்கொண்டார். மரங்கள் அடர்ந்த பிளாக், தர்மலுக்கு ரொம்பத் தூரம், கீழ்த்தளம். போன பிறகு எனக்குக் கொஞ்சம் தேவலை. ஊரே சொன்னது: “பாத்தியா? டஸ்ட்டேதான்.” மாடிப்படி ஏறுவது நின்றுபோனதால் தேவலையாக இருந்திருக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இதைவிடப் பெரிய சாட்சி ஒன்று எங்களிடம் இருந்தது. லீவுக்கு அம்மா வீட்டுக்குப் போனால் எனக்கு மூச்சு வாங்காது. இங்கே எங்களைப் போல வெளிமாவட்டத்திலிருந்து வந்தவர்கள் எல்லோரும் செய்யும் பரிசோதனை இது. முழங்கால் வலியோ முடி கொட்டுவதோ, சொந்த ஊர் போனதும் குறைந்தால் நெய்வேலி மேல் பழி. நான் போய் இறங்கியதும் அம்மா கையிலிருந்து பையைப் பிடுங்கிக்கொள்வாள். “ஏட்டி, நீ உக்காரு. அங்க கெடந்து கஷ்டப்படுதது போதாதா?” ஒரு டம்ளர் கழுவ விடமாட்டாள். மகள் வந்திருக்கும்போது அவள் கையால் வேலை வாங்குவது எங்கள் ஊரில் மானக்கேடு. அப்பாவின் சாய்வு நாற்காலியில் பகலெல்லாம் கிடப்பேன், ராத்திரியும் அதிலேயே கண்ணயர்ந்துவிடுவேன். ஒரு வாரத்தில் முகம் தெளிந்துவிடும். திரும்பி வந்து இங்கே துணி துவைத்து, மார்க்கெட் போய், பவித்ராவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்தால் பழையபடி நெஞ்சு அடைக்கும்.

ஒரு தடவை ஊரில் இருக்கும்போது கழுகுமலைக்குப் போனோம். பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இருமலில் எச்சில் லேசாகச் சிவந்திருந்தது. அங்கே தர்மலும் இல்லை மைன்ஸும் இல்லை. அதற்கும் விளக்கம் வைத்திருந்தார்கள். “உள்ள சேந்துபோன டஸ்ட்டு, அவ்வளவு சீக்கிரம் போவுமா?” என்றார் பெரிய மாமா. மறுக்க எனக்கு மூச்சு இல்லை.

பவித்ரா நான்காம் வகுப்பு முடித்த வருடம் நிலைமை மோசமானது. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தால்தான் தூங்க முடிந்தது. சமையலறைக்கும் வாசலுக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டு, நடக்கும்போது அதில் ஒரு முறை உட்கார்ந்து போனேன். அப்போதுதான் அந்த முடிவை எடுத்தார்கள். நான் நிரந்தரமாக அம்மா வீட்டுக்குப் போய்விடுவது. இவரால் வேலையை விட முடியாது. பவித்ராவுக்கு இங்கே நல்ல பள்ளிக்கூடம். அதனால் பிள்ளை அப்பாவிடம், நான் சங்கரன்கோவிலில். லீவுக்கு லீவு பார்த்துக்கொள்ளலாம்.

எல்லோரும் அன்பாகத்தான் பேசி முடித்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்ட எண்ணத்தோடு யாராவது பிரித்தால் சண்டை போடலாம். எங்கள் வீட்டு வேலைக்கு மந்தாரக்குப்பத்திலிருந்து வரும் அஞ்சலை, இவர் செகண்ட் ஷிஃப்ட் போகும் நாட்களில் பவித்ராவோடு இருப்பதாக ஒத்துக்கொண்டாள். “நீ இன்னாத்துக்குக்கா அழுவுற? பாப்பாவ எங்க வூட்டுப் புள்ள மாதிரி பாத்துக்கினு இருப்பேன். நீ மொதல்ல உசுரோட இரு” என்றாள். பவித்ரா அழவில்லை. கண்ணாடி முன்னால் நின்று தானே பின்னல் போட்டுப் பழக ஆரம்பித்தாள். கோணல் மாணலாக வரும், அவிழ்த்துவிட்டு மறுபடி போடுவாள். நான் போட்டுவிடுகிறேன் என்று கூப்பிட்டால், “இல்லம்மா, பழகணும்ல” என்பாள்.

ஊருக்குப் போகும் முன் மருந்து மாத்திரைக்காக டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்குப் போனோம். புதிதாக வந்திருந்த பெண் டாக்டர். வழக்கம்போல நாங்கள் முந்திக்கொண்டோம். என் கணவர் குவார்ட்டர்ஸ் மாற்றியதில் தொடங்கி என் அம்மா வீடு வரை ஒப்பித்தார். “ஊருக்குப் போனா சுத்தமா சரியாயிடுது மேடம்.”

“அங்க என்ன வேலை செய்வாங்க?” என்று டாக்டர் கேட்டார்.

“அய்யய்யோ, துரும்பக்கூட எடுக்க விடமாட்டாங்க மேடம். உக்காந்த எடத்துல சாப்பாடு.” மாமியார் வீட்டுப் பெருமை அவர் குரலில் வழிந்தது.

“எப்படிப் படுப்பாங்க?”

“நாற்காலியில” என்றேன் நான்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். “அப்ப ஊர் சரியாக்கலம்மா. சும்மா உக்காந்திருந்ததுதான் சரியாக்கியிருக்கு.” பிறகு நர்ஸைக் கூப்பிட்டு என்னை வராந்தாவில் வேகமாக நடக்க வைத்தார். பாதியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டேன். என் நாடியைப் பிடித்தபடி, “வேலை செஞ்சா வாங்குது, படுத்தா வாங்குது, உக்காந்தா குறையுது. நுரையீரல் சொல்ற கதை மாதிரி தெரியல. ஹார்ட்டப் பாத்துடலாம்” என்றார். அத்தனை வருடம் நாங்கள் ஆதாரமாகத் தூக்கிக்கொண்டு திரிந்தது அந்தச் சாய்வு நாற்காலியைத்தான்.

எக்கோ என்பது ஒன்றும் பயப்படும் சமாச்சாரமில்லை. மார்பில் குளிர்ந்த பசையைத் தடவி, ஒரு கருவியை அங்கேயும் இங்கேயும் வைத்து அழுத்துவார்கள். சத்த அலை உள்ளே போய்த் திரும்பி, இதயம் திரையில் படமாகத் தெரியும். பயம் எங்கே வரும் என்றால், எடுப்பவர் பேசிக்கொண்டே இருந்துவிட்டு சட்டென்று பேச்சை நிறுத்தும்போது. அவர் நிறுத்தினார். இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டு வந்தார். இரண்டு பேரும் திரையைக் காட்டி ஏதோ முணுமுணுத்தார்கள். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார்கள், அது இதய வால்வைக் கெடுக்குமாம். இல்லை என்றேன். சென்னைக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பெயர் எதற்கு? எல்லாப் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் ஒரே வாசனைதான், ஒரே பிளாஸ்டிக் நாற்காலிதான். கம்பெனி ரெஃபரல் இருந்ததால் பில் கவலை எங்களை அவ்வளவாக அரிக்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர்கள் அடகு வைக்க நகையை எண்ணிக்கொண்டிருந்தபோது எங்கள் நிம்மதியே எங்களை உறுத்தியது. அங்கே முக்கியமான சிகிச்சை காத்திருத்தல்தான். ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம், படம் எடுத்துவிட்டுக் காத்திருந்தோம், காத்திருக்கும் இடம் மாறிவிட்டது என்று சொல்லி இன்னொரு மாடியில் காத்திருக்க வைத்தார்கள். என் கணவர் எனக்காகச் சக்கர நாற்காலி தேடிப் போனால், அதற்கும் ஒரு வரிசை.

அப்படிக் காத்திருந்த ஒரு நாளில்தான் செல்வி பழக்கமானாள். எங்களுக்குக் கிட்டத்தான், குள்ளஞ்சாவடிப் பக்கம். மூன்று வயதுப் பெண் குழந்தை மடியில். நெய்வேலி என்று நான் சொன்னதும் உறவுக்காரியைப் பார்த்த மாதிரி ஒட்டிக்கொண்டாள்.

“கொழந்த அழுவும்போது ஒதடெல்லாம் நீலமா ஆயிடுதுங்க. எங்க வூட்டுல, அவங்கப்பன் கருப்பு, அதான் புள்ளயும் கருக்குதுன்னு சொல்லிக்கினு இருந்தாங்க. கொஞ்சம் ஓடியாந்தா போதும், அப்டியே குந்திக்கும். எங்க பாத்தாலும் குந்தறது இன்னா கெட்ட பழக்கம்னு நான் அடிச்சிருக்கேங்க.”

அந்தக் குழந்தைக்கு இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் பாதையும் குறுகல். சுத்தமாகாத ரத்தமும் கலந்து உடம்புக்குப் போவதால் உதடும் நகமும் நீலமாகின்றன. குந்தி உட்கார்ந்தால் நுரையீரலுக்குக் கொஞ்சம் கூடுதலாக ரத்தம் போகும், மூச்சு லேசாகும். யாரும் சொல்லித் தராமல் அந்தக் குழந்தை தனக்குத் தானே கண்டுபிடித்த வைத்தியம் அது. இதை டாக்டர் விளக்கியபோது செல்வி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். என்னிடம் சொல்லும்போதும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் குழந்தையிடம் கொடுத்தேன்.

எனக்குத் தொண்டை வழியாக இன்னொரு எக்கோ எடுத்தார்கள். உணவுக்குழாய் இதயத்துக்கு நேர் பின்னால் இருப்பதால் அங்கிருந்து பார்த்தால் படம் தெளிவாக விழுமாம். மரத்துப் போக மருந்து அடித்துவிட்டுக் குழாயை “முழுங்குங்கம்மா, முழுங்குங்க” என்கிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் உபசரிப்பது போலச் சொன்னார் அந்த டெக்னீஷியன். முழுங்கினேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

மறுநாள் சர்ஜன் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். இதயத்துக்கு மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. நுரையீரலில் சுத்தமான ரத்தம் இடது மேலறைக்கு வந்து, அங்கிருந்து கீழே இறங்கி உடம்புக்குப் போக வேண்டும். என் இடது மேலறைக்கு நடுவில் ஒரு சவ்வு, சுவர் மாதிரி. கருவில் இருக்கும்போதே மறைந்திருக்க வேண்டியது மறையாமல் நின்றுவிட்டது. அதில் ஒரு சின்னத் துவாரம். வருகிற ரத்தம் எல்லாம் அந்தத் துவாரம் வழியாகத்தான் போக வேண்டும். போக முடியாதது பின்னால் தேங்கி நுரையீரலை ஊறவைக்கிறது. அதனால் மூச்சு, அதனால் இருமல், அதனால் சிவந்த எச்சில். ‘கோர் ட்ரையேட்ரியேட்டம்’ என்று பெயர் சொன்னார். மேலறை மூன்றாக இருக்கிற இதயம் என்று அர்த்தமாம். துவாரம் ரொம்பச் சிறிதாக இருந்தால் குழந்தையிலேயே தெரிந்துவிடும், என்னுடையது அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்ததால் இத்தனை வருடம் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது, கர்ப்ப காலத்தில் உடம்பில் ரத்தம் கூடியதும் திணறத் தொடங்கிவிட்டது என்றார்.

என் கணவர் தாளையே உற்றுப் பார்த்துவிட்டு, “குவார்ட்டர்ஸ்ல ஹாலுக்கு நடுவுல பர்மிஷன் இல்லாம தடுப்பு வைக்கிற மாதிரி சார்” என்றார். அவர் பயந்தால் இப்படித்தான் ஏதாவது சொல்வார். சர்ஜன் சிரித்துவிட்டு, “அதேதான். இடிச்சிடுவோம்” என்றார்.

பிறகு சிரிக்காமல் மற்றதைச் சொன்னார். நெஞ்செலும்பைப் பிளந்து, இதயத்தை நிறுத்தி, அந்த நேரம் ரத்தத்தை ஒரு இயந்திரம் ஓட்டும். பெரும்பாலும் நல்லபடியாக முடியும். முடியாமல் போவதும் உண்டு. நுரையீரல் ரொம்ப நாள் அழுத்தம் தாங்கியிருப்பதால் எனக்கு அந்த ஆபத்து கொஞ்சம் அதிகம். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

“சரியானா, நான் நெய்வேலியில இருக்கலாமா டாக்டர்?”

அவருக்குப் புரியவில்லை. “நெய்வேலிக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?”

வெளியே வந்து அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். என் கணவர் ஆபரேஷன் பயத்தில் அழுகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் வாங்க ஓடினார். பயமும்தான். ஆனால் அதைவிட, என் பிள்ளையை என்னிடமிருந்து பிரிக்க இருந்த காரணம் இப்படி ஒரு வாக்கியத்தில் உதிர்ந்து போயிற்றே என்ற கோபம். யார் மேல் கோபப்படுவது? தூசி மேல் போட்ட பழியில் ஆளுக்கொரு பங்கு இருந்தது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் பவித்ராவிடம் போனில் பேசினேன். அஞ்சலை வீட்டில் இட்லி சாப்பிட்டதாகச் சொன்னாள். “நீ எங்கம்மா வருவ? ஊருக்கா, இங்கயா?” என்று கேட்டாள். “அங்கதான், நம்ம வீட்டுக்கு” என்றேன். வருவேனா என்பது எனக்குத் தெரியாது. தெரியாமலேயே சத்தியம் செய்தேன்.

ஐ.சி.யூ.வைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அங்கே பகலும் இல்லை, இரவும் இல்லை. விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஏதோ ஒரு இயந்திரம் கூவிக்கொண்டே இருக்கும். தொண்டையில் குழாய் இருந்ததால் பேச முடியவில்லை. நெஞ்சுக்குள் யாரோ அம்மிக்கல்லை வைத்துவிட்டுப் போன மாதிரி கனம். குழாயை எடுத்ததும் நர்ஸ், “இருமுங்கம்மா” என்றார். எலும்பைப் பிளந்து கம்பி போட்டுக் கட்டிய நெஞ்சோடு இருமச் சொல்பவர்களை மன்னிக்க எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது. தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் இரும வேண்டும். பிறகு மூன்று பந்துகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் சாதனத்தைக் கொடுத்து, மூச்சை இழுத்துப் பந்தை மேலே ஏற்றச் சொன்னார்கள். முதல் நாள் ஒரு பந்து அசைந்து கொடுத்தது. அந்த மெனக்கெடலுக்குப் பிறகு மத்தியானம் முழுக்கத் தூங்கினேன்.

வார்டுக்கு வந்த பிறகு அம்மா வந்துவிட்டாள். என்னை நடக்கச் சொன்ன பிசியோதெரபிஸ்ட்டோடு தினமும் சண்டை. “நெஞ்சப் பொளந்து வச்சிருக்கிய, நடன்னா எப்படி நடப்பா?” அந்தப் பெண் பொறுமையாக, “உக்கார வெச்சே இவ்ளோ வருஷம் ஓட்டிட்டீங்களே பாட்டி” என்றாள். யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அம்மா தானே என் கையைப் பிடித்து வராந்தாவில் நடத்திக் கூட்டிப்போனாள். அங்கே எதிரில் செல்வி வந்தாள். குழந்தைக்கும் ஆபரேஷன் முடிந்திருந்தது. “ஒதட்டப் பாருங்கக்கா” என்று குழந்தையின் முகத்தை என் பக்கம் திருப்பினாள். வெளிர் ரோஜா நிறத்தில் இருந்தது. குழந்தை எங்களை முறைத்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அம்மா கொஞ்ச காலம் இருந்து பார்த்துவிட்டு ஊருக்குப் போனாள். ஒரே தலையணையில் தூங்குகிறேன். வீட்டில் எல்லோரும் என்னைக் கண்ணாடிச் சாமான் போலப் பார்த்தார்கள். பவித்ராதான் அதில் மோசம். கேட்காமலே தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள், சத்தம் போட்டு நடக்க மாட்டாள், தட்டில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பாள். அதைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அந்த வயதுப் பிள்ளை அவ்வளவு நல்லவளாக இருக்கக் கூடாது.

போன வாரம் நல்ல மழை. அஞ்சலை அப்போதுதான் தரையைத் துடைத்துவிட்டுப் போயிருந்தாள். பவித்ரா பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், ஏதோ போட்டியில் ஜெயித்த மிதப்பில், சேறு அப்பிய ஷூவோடு நேராக உள்ளே ஓடிவந்து பையைக் கட்டில் மேல் வீசினாள். பையிலிருந்த பாட்டில் சாய்ந்து மெத்தை நனைந்தது. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ!

“ஏண்டி, கண்ணு தெரியுதா இல்லையா உனக்கு, இப்பத்தான் ஒருத்தி முதுகு ஒடியத் துடைச்சிட்டுப் போறா, ஷூவ வெளிய கழட்டுன்னு எத்தன தடவ சொல்றது, பைய வைக்க எடமா இல்ல இந்த வீட்டுல, பாட்டிலுக்கு மூடி எங்க, போன மாசந்தான வாங்கிக் குடுத்தேன், அதயும் தொலைச்சாச்சா, அப்பா ஷிஃப்ட் முடிஞ்சு வரட்டும் இரு, இன்னைக்கு இருக்கு உனக்கு!”

அவள் நின்ற இடத்தில் நின்று என்னையே பார்த்தாள். நான் முடித்த பிறகும் எதற்கோ காத்திருந்தாள்.

“என்னடி பாக்குற?”

“அம்மா, நீ நடுவுல நிக்கவே இல்ல” என்றாள்.

எனக்கே அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நான் ஒரு திட்டையும் முழுசாகத் திட்டி முடித்ததில்லை. பாதியில் மூச்சு வாங்கிச் சுவரைப் பிடித்துக்கொள்வேன், அவள் ஓடிவந்து முதுகைத் தடவிவிடுவாள்.

பவித்ரா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சேற்றுக் காலைத் தூக்கி, துடைத்த தரையில் வேண்டுமென்றே இன்னும் ஒரு அடி அழுத்தி வைத்தாள்.

“இன்னொரு தடவ திட்டும்மா.”

திட்டினேன்.